தேசப்பிரஷ்டர் சேர்த்த தேசப்படங்கள்

பழைய தேசப்படங்களைத் தேடிச் சேர்ப்பதையே தம் வாழ்நாளின் இன்பமாகக் கொண்ட கனவான்கள் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் அநேகர் உளர். பல நகரங்களில் அவர்கள் சங்கங்கள் கண்டிருக்கிறார்கள். லண்டனில் 1980-ம் வருஷம் ஸ்தாபிதமான சர்வதேசப் படச் சேகரிப்பாளர் சங்கம் சொந்தத்தில் ஒரு பத்திரிகை நடத்துவதோடு, வருஷத்துக்கு ஒரு தேசமாகச் சென்று மகாநாடும் கூட்டுகிறது. இத்தகைய சங்கங்களின் கூட்டங்களில் அங்கத்தினர்கள் தத்தம் படங்களை மேஜைமீது விரிப்பார்கள். காகிதத்தை வெளிச்சத்துக்கு நேரே பிடித்து அதற்குள் மறைந்து நிற்கும் ஆலைக் குறியைப் பார்ப்பார்கள். ஒரே செப்புத் தகட்டில் வெவ்வேறு காலத்தில் அச்சான இரண்டு பிரதிகளை ஒப்பிட்டு, பின்னதில் கரையோரம் திருத்தப்பட்டிருக்கிறதா, பழைய பிரசுரகர்த்தரின் பெயரைச் சுரண்டிவிட்டுப் புதியவர் தம் பெயரைப் பொறித்திருக்கிறாரா என்று ஆராய்வார்கள். விலை பேசுவதும் உண்டு. பணமும் ஓய்வும் மிகுந்தவர்களின் விளையாட்டு இது என்று தள்ளிவிடத் தோன்றும். நமக்கும் ஒரு காலத்தில் அப்படியே தோன்றியது.

ஆனால் இச்சங்கத்தாரில் எவரும் மரியாதையுடன் உச்சரிக்கும் பெயர் ஒன்று உண்டு. அப்பெயருக்கு உரியவர், அந்நிய ஆட்சியின் கோபத்துக்கு ஆளாகித் தாய்நாட்டை இழந்தவர். பூகோளப் படத்தில் வெறுமையாய்க் கிடந்த ஒரு நீண்ட கரையைத் தம் கப்பலால் நிரப்பியவர். அதன் பின் இருபது வருஷம் பழைய படங்களின் நடுவே உட்கார்ந்து, அவற்றின் சரித்திரத்தை ஒரு சாஸ்திரமாக்கியவர். அவர்தான் அடால்ப் எரிக் நார்டன்ஷோல்ட்.

பின்லாந்தின் தலைநகரான ஹெல்ஸிங்கியில் 1832-ம் வருஷம் நவம்பர் மாதம் 18-ந் தேதி அவர் பிறந்தார். அந்நாட்டின் அன்றைய நிலையை நேயர்கள் அறிந்துகொள்ள வேண்டும். பல நூற்றாண்டுகள் ஸ்வீடனோடு சேர்ந்திருந்த பின்லாந்தை 1809-ம் வருஷம் ருஷியச் சக்கரவர்த்தி யுத்தத்தில் கைப்பற்றிக்கொண்டார். நாட்டின் பழைய சட்டங்களைக் காப்பதாக ஜார் வாக்களித்திருந்தார். ஆயினும் ஹெல்ஸிங்கியில் அவருடைய கவர்னர் ஜெனரல் ஒருவர் வீற்றிருந்து, யார் எங்கே என்ன பேசுகிறார் என்று காது கொடுத்துக் கேட்டுக்கொண்டிருந்தார். நார்டன்ஷோல்டின் குடும்பம் ஸ்வீடிஷ் மொழி பேசும் பழைய குடும்பம். தந்தையார் கனிப்பொருள் சாஸ்திரத்தில் பெயர் பெற்றவர். பின்லாந்தின் சுரங்க இலாகாவுக்குத் தலைவராயிருந்தவர். மகனும் அதே சாஸ்திரத்தில் ஈடுபட்டு, 1849-ல் ஹெல்ஸிங்கி சர்வகலாசாலையில் சேர்ந்து, 1853-ல் தந்தையாருடன் யூரல் மலைச் சுரங்கங்களைப் பார்த்து வந்தார்.

1855-ம் வருஷம், கிரைமியா யுத்தம் நடந்துகொண்டிருந்த காலத்தில், நண்பர் கூட்டமொன்று விருந்துண்டு கேலியும் கிண்டலுமாகப் பேசியது. அப்பேச்சு அதிகாரிகளின் செவிக்கு எட்டியது. இருபத்துமூன்று வயது வாலிபரான நார்டன்ஷோல்ட் அப்போதுதான் பெற்றிருந்த உத்தியோகங்களை இழந்தார். அவர் பெர்லினுக்குச் சென்று படித்துவிட்டுத் திரும்பினார். 1857-ல் சர்வகலாசாலைப் பட்டமளிப்பு விழாவின்போது, ஸ்வீடனிலிருந்து வந்திருந்த விருந்தினர் முன் மறுபடியும் ஒரு பிரசங்கம் செய்தார். கவர்னர் ஜெனரலான பெர்க் பிரபுவுக்கு அதில் ராஜத்துரோக வாடை வீசியது. இம்முறை நாட்டிலேயே நிற்க முடியவில்லை. அரசியல் அகதியாகவே அவர் கடல் தாண்டி ஸ்வீடனுக்குப் போனார். பின்லாந்துச் சர்வகலாசாலையில் எக்காலத்திலும் உத்தியோகம் வகிக்கலாகாது என்ற தடையும் அவர்மீது விழுந்தது. இரண்டு விருந்துப் பேச்சுக்களுக்கு இவ்வளவு தண்டனை! பீரங்கிகளை வைத்திருக்கும் ஏகாதிபத்தியங்கள் வாலிபர்களின் நாவுக்கு ஏன் இவ்வளவு அஞ்சுகின்றன என்பதை அவர்களிடந்தான் கேட்க வேண்டும்.

ஜார் ஆட்சி விரட்டிய மனிதரை ஸ்வீடன் மதிக்கத் தெரிந்துகொண்டது. 1858-ல் ஸ்டாக்ஹோம் இயற்கைப் பொருட்காட்சிசாலையில் கனிப்பொருள் பகுதியின் தலைமை அவரிடம் ஒப்புவிக்கப்பட்டது. அவ்வருஷமே ஸ்பிட்ஸ்பெர்கன் தீவுகளுக்கு முதல் யாத்திரை சென்றார். 1861, 1864, 1868 ஆகிய வருஷங்களிலும் அங்கே சென்றார்; கடைசியாகச் சொன்ன யாத்திரையில் அவருடைய கப்பல் வட அட்சரேகை 81 பாகை 42 நிமிஷம் வரை எட்டியது. 1870-ல் கிரீன்லாந்து. 1872-ல் வடதுருவத்தை அடைய எண்ணிப் புறப்பட்டது மட்டும் தோல்வியாய் முடிந்தது. வண்டி இழுக்கக் கொண்டுசென்ற கலைமான்கள் தப்பியோடிவிட்டன. துணைக் கப்பல்களும் பனியில் அகப்பட்டு, இருந்த சொற்ப உணவை அதிகம் பேர் பங்கிட்டுக்கொள்ள நேர்ந்தது. இடையில் 1863-ல் பின்லாந்தின் மான்னர்ஹெய்ம் பிரபு குடும்பத்துப் பெண்ணை விவாகம் செய்துகொண்டார். பிற்காலத்தில் சுதந்தர பின்லாந்தின் சேனாதிபதியாகவும் ஜனாதிபதியாகவும் விளங்கிய மான்னர்ஹெய்முக்கு இந்த அம்மையார் அத்தை முறை.

இனி, அவர் கீர்த்தியை நிலைநாட்டிய காரியத்துக்கு வருவோம். ஐரோப்பாவிலிருந்து வடகிழக்காகச் சென்று, ஸைபீரியாவின் வடகரையைச் சுற்றி, பெரிங் ஜலசந்தி வழியாகப் பசிபிக் சமுத்திரத்தை அடைய முடியுமா என்பது முந்நூறு வருஷத்துக் கேள்வி. ஆங்கிலேயரும் ஒல்லாந்தரும் முயன்று கப்பல்களையும் உயிர்களையும் இழந்திருந்தார்கள். நார்டன்ஷோல்ட் உடனே பாய்மரத்தை விரிக்கவில்லை. பழைய யாத்திரைக் குறிப்புக்களையும், பழைய படங்களையும், மீன் பிடிப்போரும் வேட்டைக்காரரும் சொன்ன சங்கதிகளையும் வாசித்து, கோடை இறுதியில் ஸைபீரியாவின் பெரு நதிகள் கொண்டுவரும் வெந்நீர் கரையோரத்தில் ஒரு வழியைத் திறக்கும் என்று அனுமானித்தார். 1875-லும் 1876-லும் எனிஸேய் நதிமுகம் வரை சென்று அதைச் சோதித்துப் பார்த்தார். ஸ்வீடன் அரசர் ஆஸ்காரும், ஆஸ்கார் டிக்ஸன் என்ற வர்த்தகரும், ஸைபீரியச் சுரங்க முதலாளியான ஸிபிரியாகோவும் பொருளுதவி செய்தார்கள். ‘வேகா’ என்ற நீராவிக் கப்பல் 1878-ம் வருஷம் ஜூன் மாதம் 22-ந் தேதி ஸ்வீடனின் கார்ல்ஸ்குரோனாத் துறைமுகத்திலிருந்து புறப்பட்டது. கப்பல் தலைவர் லூயி பாலாண்டர்.

ஆகஸ்டு 19-ந் தேதி ஆசியாக் கண்டத்தின் வடகோடியான செல்யூஸ்கின் முனையை வேகா அடைந்தது. அதற்குமுன் எந்தக் கப்பலும் அம்முனையைக் கண்டதில்லை. அதைக் கடந்து போகும்போது நடந்த விஷயம் நமது பொருளுக்கு மிக முக்கியமானது. டைமீர் தீபகற்பத்தின் கிழக்குக் கரையைப் பழைய படங்கள் கிழக்கே வெகுதூரம் தள்ளிக் குறித்திருந்தன. படத்தின்படி பார்த்தால் கப்பல் தரைமீது ஓடிக்கொண்டிருந்தது! படம் தரை என்கிறது. கீழே ஆழ்ந்த கடல். படத்தை வரைந்தவன் யார், எதைப் பார்த்து வரைந்தான், யாரிடம் கேட்டான், எங்கே ஊகித்தான் என்னும் கேள்விகள் இத்தகைய இடத்தில் வெறும் ஆராய்ச்சியல்ல; உயிரையும் கப்பலையும் பற்றிய கேள்விகள். பிற்காலத்தில் அவர் பழைய படங்களை ஆராய்ந்த முறை இந்த அநுபவத்தின் சாயல் உடையதாகவே நமக்குத் தோன்றுகிறது.

பெரிங் ஜலசந்திக்கு ஏறக்குறைய 120 கடல் மைல் தூரமே மிச்சமிருக்க, செப்டம்பர் 28-ந் தேதி பனி வேகாவைச் சூழ்ந்து பிடித்துக்கொண்டது. இன்னும் சில தினங்கள் முந்தி வந்திருந்தால் அந்த வருஷமே காரியம் முடிந்திருக்கும். பத்து மாதம் அங்கேயே கிடந்தார்கள். அருகிலிருந்த சுக்சி ஜனங்களோடு சிநேகமாய்ப் பழகினார்கள்; கப்பலிலிருந்த பின்லாந்துக்காரரான நோர்ட்க்விஸ்ட் என்ற அதிகாரி அவர்களுடைய பாஷையைக் கற்றுச் சொற்களைத் தொகுத்தார். 1879-ம் வருஷம் ஜூலை மாதம் 18-ந் தேதி பனி விலகியது. 20-ந் தேதி ஆசியாவின் கீழ்க்கோடி முனை கடக்கப்பட்டது. ஓர் உயிரும் சேதமில்லை. ஆசியா, ஐரோப்பா என்னும் இரு கண்டங்களையும் முதன்முதலில் சுற்றி வந்த கப்பல் வேகாதான்.

திரும்பும் வழியிலும் அவர் சும்மா இருக்கவில்லை. ஜப்பானில் இறங்கி, மேல்நாட்டு நாகரிகம் புகுமுன் அச்சான அந்நாட்டு நூல்கள் சுமார் ஆயிரம் வாங்கினார். அவற்றின் ஜாபிதா 1883-ல் பாரிஸில் வெளியாயிற்று. அவ்வருஷக் கடைசியில் இலங்கையில் காலித் துறைமுகத்தில் கப்பல் தங்கியது. இரத்தினபுரிக்குப் போய் இரத்தினக்கல் தோண்டும் குழிகளைப் பார்த்தார். விகாரம் ஒன்றையும் தரிசித்து, ஏட்டுச் சுவடிகளை விலைக்கு வாங்கினார். பிறகு ஸூயஸ் கால்வாய் வழியாக இத்தாலிக்கு வந்து, 1880-ம் வருஷம் ஏப்ரல் 24-ந் தேதி ஸ்டாக்ஹோம் நகரில் பிரவேசித்தார். நகரம் முழுவதும் தீபாலங்காரம். அரசர் பிரபுப் பட்டம் அளித்தார். ஸ்வீடனின் மானிட, பூகோள சாஸ்திர சங்கத்தார் அன்றுமுதல் ஏப்ரல் 24-ந் தேதியை வேகா தினமாகக் கொண்டாடி வருகிறார்கள். அச்சங்கம் ஏற்படுத்திய வேகா பதக்கத்தை முதலில் பெற்றவரும் அவரே.

இவ்வளவு கீர்த்தி அடைந்த மனிதர் அதன் பின் விருந்துகளில் மாலை சூடிக் காலம் கழித்திருக்கலாம். அவர் செய்ததோ வேறு. தம் யாத்திரையைப் பற்றிய நூலை எழுதும்போது, தமக்கு முன் வடகடலில் சென்றவர்களின் சரித்திரத்தையும் விரிவாக எழுத நேர்ந்தது. அதற்குப் பழைய படங்கள் வேண்டியிருந்தன. அவையோ எளிதில் கிடைப்பனவாயில்லை. ஒரு படம் ரோமாபுரியில், மற்றொன்று பாரிஸில், வேறொன்று ஏதோ ஒரு பிரபுவின் மாளிகையில் பூட்டுக்குள். ஆராய்ச்சி செய்பவன் ஒரு படத்தைப் பார்த்து மற்றொன்றைப் பார்ப்பதற்குள் ஆயிரம் மைல் பிரயாணம் செய்ய வேண்டும். முதலாவது அதற்குள் மனத்தில் மங்கிவிடும். ஆகவே ஐரோப்பாவின் பழம்புஸ்தக வியாபாரிகளிடமெல்லாம் சொல்லிவைத்து வாங்கத் தொடங்கினார். வார்ஸாவில் ஸமோய்ஸ்கி பிரபுக்களின் புஸ்தகசாலையில் பதினைந்தாம் நூற்றாண்டில் கையால் எழுதப்பட்ட வடதேசப் படமொன்றைக் கண்டு உலகறியச் செய்தார்.

அவர் சேகரத்தின் நடுநாயகம் டாலமியின் பூகோள நூல். இரண்டாம் நூற்றாண்டில் அலெக்ஸாந்திரியாவில் வாழ்ந்த அந்த யவன வித்துவான், உலகின் ஊர்களுக்கெல்லாம் அட்சரேகை, தீர்க்கரேகை கணித்து எழுதிவைத்தார். அச்சு யந்திரம் தோன்றியதும் அந்நூல் 1477-ல் பொலோனாவிலும், 1478-ல் ரோமாபுரியிலும், 1482-ல் உல்ம் நகரிலும் படங்களோடு வெளியாயிற்று. பொலோனாப் பதிப்பின் இறுதியில் 1462 என்று பிழையாக வருஷம் அச்சாகிவிட்டது. அந்த ஒரு பிழையால் எது முந்தியது என்று வித்துவான்கள் நெடுங்காலம் தர்க்கித்துக்கொண்டிருந்தார்கள். அந்நூலின் பதிப்புக்களில் பெரும்பான்மையானவற்றை நார்டன்ஷோல்ட் தம் கைக்குக் கொண்டுவந்துவிட்டார். அப்படங்களில் நமக்கும் பாத்தியம் உண்டு. காவிரிப்பூம்பட்டினம் என்று அறிஞர்கள் கொள்ளும் கபேரிஸ், பாண்டியனின் மோடுரா, சேரநாட்டு முசிரிஸ் எல்லாம் டாலமியின் நூலில் காணப்படுவன. ஆனால் நம் தீபகற்பம் அங்கே கூம்பி நீளாமல் தட்டையாகக் கிடக்கிறது. இலங்கையோ பல மடங்கு பெருத்துத் தனிப்படமொன்றை முழுதும் அடைத்துக்கொண்டிருக்கிறது. இந்து மகா சமுத்திரம் நாற்புறமும் கரை சூழ்ந்த ஏரியாய்க் காண்கிறது. காலியில் கரை இறங்கி நடந்தவர், அந்தப் பூதாகாரமான இலங்கையைப் பார்த்துப் புன்னகை செய்திருப்பாரோ என்னவோ!

சேர்த்ததை அவர் பூட்டிவைக்கவில்லை. இதுதான் அவரை வெறும் சேகரிப்பாளர் கூட்டத்திலிருந்து பிரிக்கிறது. 1889-ல் ஸ்டாக்ஹோமில் அவர் வெளியிட்ட பெரிய நூலில், ஆதி காலத்தில் அச்சான படங்கள் 51 பெரிய தகடுகளில் மூலத்தின்படியே பிரதி செய்யப்பட்டிருந்தன. அவற்றுள் முதல் 27-ம் ரோமாபுரியில் 1490-ல் அச்சான டாலமியின் படங்கள். ஸ்வீடிஷிலும் ஆங்கிலத்திலும் அந்நூல் வெளியாயிற்று. ஆயிரம் மைல் பிரயாணம் செய்ய வழியில்லாத ஏழை உபாத்தியாயரும் இனி தம் ஊர்ப் புஸ்தகசாலையில் உட்கார்ந்து படத்தோடு படத்தை ஒப்பிடலாம். 1897-ல் அதற்குத் துணையாக மாலுமிகளின் கடற்படங்களைப் பற்றிய மற்றொரு பெரு நூல் வந்தது. மத்தியதரைக் கடல் மாலுமிகளின் படங்களெல்லாம் ஒரே மூலப்படத்தின் வழிவந்தவை என்று அதில் வாதித்தார். இக்கொள்கையைப் பின்வந்தோர் முழுதும் ஏற்றுக்கொள்ளவில்லை. ஆயினும் அவர்கள் மறுக்க ஆரம்பித்ததும் அவர் அச்சிட்டுக் கொடுத்த படங்களைக் கையில் வைத்துக்கொண்டுதான்.

அவர் தவறே செய்யாதவர் என்று நாம் சொல்லவில்லை. ஜேனோ என்ற வெனிஸ் சகோதரர் பதினான்காம் நூற்றாண்டில் வட அட்லாண்டிக்கில் சுற்றியதாக 1558-ல் ஒரு கதையும் படமும் வெளிவந்தன. அதை உண்மையென நம்பி அவர் ஒரு நூலே எழுதினார். இன்று பெரும்பாலோர் அதைக் கட்டுக்கதை என்றே தள்ளுகிறார்கள். கிரீன்லாந்தின் உள்நாட்டில் பனியற்ற நிலம் இருக்கலாமென்ற அவருடைய ஊகமும் 1883-ல் அவர் அங்கே சென்றபோது பொய்த்தது. சேகரிப்பு என்னும் காரியத்துக்கே ஒரு மறுபுறம் உண்டு. அவர் குமாரர் குஸ்தாவ் 1891-ல் அமெரிக்காவில் மேஸா வெர்டே என்ற இடத்திலுள்ள பூர்விகக் குடிகளின் பாழடைந்த இல்லங்களைத் தோண்டி, கிடைத்தவற்றை ஐரோப்பாவுக்கு அனுப்பினார். நான்கு வருஷத்தில் இளம்வயதிலேயே இறந்து தந்தையாரைத் துயரில் ஆழ்த்தினார். அப்பொருள்கள் ஹெல்ஸிங்கி பொருட்காட்சிசாலையைச் சேர்ந்தன. அவற்றிலிருந்த மனித எலும்புகளும் சமாதிப் பொருள்களும் 2020-ம் வருஷந்தான் அக்குடிகளிடம் திருப்பிக் கொடுக்கப்பட்டன. கடைக்காரனிடம் விலை கொடுத்து வாங்கிய புஸ்தகம் வேறு. பிறர் மூதாதையின் எலும்பு வேறு.

ஸ்வீடன் சட்டசபையில் சில காலம் அங்கம் வகித்தும், 1893-ல் அந்நாட்டுச் சாகித்திய சபையில் ஆசனம் பெற்றும், அவர் பின்லாந்தை மறக்கவில்லை என்பதற்கு 1899-ம் வருஷமே சாட்சி. அவ்வருஷம் பிப்ரவரியில் ஜார் நிக்கோலஸ் ஒரு பிரகடனம் வெளியிட்டு, முன்னோர் கொடுத்த வாக்கை மீறிப் பின்லாந்தின் சட்டம் இயற்றும் உரிமையில் கைவைத்தார். பின்லாந்து ஜனங்கள் ஐந்து லட்சத்துக்கு மேற்பட்டோர் சில வாரங்களுக்குள் ஒரு விண்ணப்பத்தில் கையொப்பமிட்டார்கள். கடுங்குளிரில் பனிச்சறுக்குக் கட்டைகளில் ஊர் ஊராய்ச் சென்று கையொப்பம் சேகரித்தார்கள். அதைக் கொண்டுசென்ற ஐந்நூறு பிரதிநிதிகளையும் ஜார் பார்க்க மறுத்தார். அதற்குப் பின் ஐரோப்பாவின் வித்துவான்களும் எழுத்தாளரும் ஆயிரம் பேருக்கு மேல் தனியாக ஒரு விண்ணப்பம் தயாரித்தார்கள். பிரான்ஸ் தேசத்து செனட்டர் ட்ராரியோவின் தலைமையில் அதைப் பீட்டர்ஸ்பர்க்குக்கு எடுத்துச் சென்ற தூதர்களில் ஸ்வீடனின் சார்பாக நின்றவர் நார்டன்ஷோல்ட். நாற்பத்திரண்டு வருஷங்களுக்கு முன் ஒரு ஜாரின் கவர்னரால் விரட்டப்பட்டவர், அறுபத்தாறாம் வயதில் மற்றொரு ஜாரின் வாசலில் தன் தேசத்துக்காக நியாயம் கேட்கப் போய் நின்றார். ஜார் அவர்களுக்கும் தரிசனம் கொடுக்கவில்லை.

1901-ம் வருஷம் ஆகஸ்டு மாதம் 12-ந் தேதி ஸ்வீடனில் தம் கிராமத்து இல்லத்தில் அவர் காலமானார். அமெரிக்கா என்ற பெயர் முதன்முதலில் பொறிக்கப்பட்டதென்று வித்துவான்கள் நூல்களில் மட்டும் கேள்விப்பட்டு நெடுங்காலம் தேடிவந்த 1507-ம் வருஷத்து வால்ட்ஸீமுல்லர் படம், ஜெர்மனியில் ஒரு கோட்டைக்குள் கண்டெடுக்கப்பட்டதும் அந்த 1901-ம் வருஷந்தான். 2003-ல் அமெரிக்கர்கள் அதற்கு ஒரு கோடி டாலர் விலை கொடுத்தார்கள்.

நார்டன்ஷோல்டின் புஸ்தகங்கள் அப்படிச் சந்தையில் சிதறிப் போயிருக்கலாம். பத்தொன்பதாம் நூற்றாண்டின் பெரும் படச் சேகரங்களுக்கு அதுவே கதியாயிற்று. ஒவ்வோர் ஏலத்திலும் ஓர் அட்லாஸ் ஏடுகளாகப் பிரிக்கப்பட்டுச் சுவரில் மாட்டும் சித்திரமாய் விற்கப்படும். ஆனால் 1902-ல் அவர் சேகரம் முழுவதையும் வாங்கியது ஹெல்ஸிங்கி சர்வகலாசாலை. அவர் உத்தியோகம் பார்க்கலாகாதென்று தடுக்கப்பட்ட அதே சர்வகலாசாலை! பின்லாந்தின்மீது ருஷிய அடக்குமுறை உச்சத்திலிருந்த காலம் அது. மூட்டை மூட்டையாக அட்லாஸ்களும் தனிப்படங்களும் அந்நகரை அடைந்தன. பதினைந்து வருஷத்துக்குப் பின், 1917-ம் வருஷம் டிசம்பர் மாதம் 6-ந் தேதி, பின்லாந்து சுதந்தரப் பிரகடனம் செய்தது.

சேகரத்திலுள்ள படங்கள் ஏறக்குறைய 24,000. அவற்றில் 1800-ம் வருஷம் வரை ஏற்பட்டவற்றுக்கு விரிவான ஜாபிதா தயாரிக்கும் வேலை 1979 முதல் 1995 வரை நீடித்து, ஐந்து பாகங்களாக வெளிவந்தது. 1997-ல் ஐக்கிய நாட்டுக் கல்வி, விஞ்ஞான, கலாசார ஸ்தாபனம் உலக ஞாபக ஏட்டில் இச்சேகரத்தைப் பதிவு செய்தது. பழைய படங்களில் பிரியமுள்ளவர்கள் ஹெல்ஸிங்கிக்குப் போனால், இன்று பின்லாந்து தேசியப் புஸ்தகசாலை என்று வழங்கும் அக்கட்டடத்தில் அவற்றைப் பார்க்கலாம். நார்டன்ஷோல்டின் சமாதி ஸ்வீடனில் வெஸ்டர்யுங் கிராமத்து மாதா கோவில் தோட்டத்தில் இருக்கிறது.